அரை டம்ளர் டீ: மனநோயில் சகதுணை என்றால் என்ன?

போன மாதம் பாலக்கோட்டில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர், தூரத்து உறவில் பெரியப்பா முறை, என் தம்பியைப் பற்றி விசாரித்தார். மருந்து சாப்பிடுகிறான், இப்போது பரவாயில்லை என்றேன். "மருந்தெல்லாம் எதற்கம்மா? பேச்சுத்துணைக்கு நாலு பேர் இருந்தால் தானாகச் சரியாகிவிடும். அதற்குத்தான் இப்போது சப்போர்ட் குரூப் எல்லாம் வந்துவிட்டதாமே" என்றார். அதற்குள் ரசம் வந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. ரசம் சாதத்துக்கும் மோருக்கும் இடையில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் இல்லை அது.

பேச்சுத்துணை, ஆறுதல், கவுன்சிலிங், பிரார்த்தனைக் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'சப்போர்ட்' என்று சொல்லிவிடுகிறோம். அந்த மூட்டையிலிருந்து தனியே எடுத்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. தீவிர மனநோயோடு வாழப் பழகிய ஒருவர், அதே மாதிரி நோயோடு தடுமாறும் இன்னொருவருக்குத் துணை நிற்பது. ஆங்கிலத்தில் பியர் சப்போர்ட் என்கிறார்கள். 'சக ஆதரவு' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு அரசுச் சுற்றறிக்கை போல ஒலிப்பதால் இங்கே 'சகதுணை' என்று எழுதுகிறேன்.

பெங்களூருக்கு முதல் பயணம்

பென்னாகரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு முதல் முறை பெங்களூரு போகிற பையன் தனியாகப் போகமாட்டான். ஏற்கெனவே போய் வந்த ஊர்க்காரர் ஒருவரோடு ஒட்டிக்கொள்வான். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பதைக் கண்டக்டரே சொல்லிவிடுவார். ஆனால் எந்த மேஸ்திரி சனிக்கிழமைக் கூலியை இழுத்தடிப்பார், தகரக் கொட்டகையில் எந்த மூலையில் படுத்தால் மழை ஒழுகாது, முதல் வாரம் வீட்டு நினைப்பில் அழுகை வந்தால் யாரிடம் சொல்லலாம் என்பதெல்லாம் அந்தக் கொட்டகையில் படுத்து எழுந்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு உதாரணம் நம் மண்ணிலேயே முளைத்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களை 1989இல் முதன்முதலில் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே இந்தப் பெருமையில் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் பங்குண்டு. வங்கி மேலாளருக்குக் கடன் விதிகள் தெரியும். கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்து, அந்த மாடு செத்து, ஆனாலும் தவணையைக் கட்டி முடித்த பெண்ணுக்குத் தெரிந்தது வேறு. குழுவில் அவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

இப்படிப் பட்டுத் தெரிந்துகொள்வதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: பட்டறிவு. சகதுணைக்கு மூலதனம் அதுதான். ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. கடன் குழுவில் தவணை தவறினால் குழுவே வீட்டு வாசலில் வந்து நிற்கும். சகதுணையில் அந்த நெருக்குதலுக்கு இடமில்லை.

எந்த நோய்களைப் பற்றிய பேச்சு இது

தேர்வு பயம், காதல் தோல்வி, வேலைச் சலிப்பு இவையெல்லாம் துன்பங்களே. ஆனால் தீவிர மனநோய் என்ற சொல் அவற்றைக் குறிப்பதில்லை. ஒருவரின் சிந்தனை, உணர்ச்சி, அன்றாட வேலை மூன்றையும் நீண்ட காலத்துக்குக் குலைத்துப்போடும் நோய்களுக்கே அந்தப் பெயர். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மிகக் கடுமையான மனச்சோர்வு ஆகியவை இதில் முக்கியமானவை. மனச்சிதைவில் யாரும் பேசாமலே குரல்கள் கேட்கலாம், ஆதாரமில்லாத சந்தேகம் அசைக்க முடியாத உறுதியாகலாம், எதிலும் நாட்டம் வற்றிப்போகலாம். இருமுனைக் கோளாறில் மனநிலை சில காலம் கட்டுக்கடங்காமல் பொங்கும், சில காலம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் ஏறத்தாழ 0.8 விழுக்காட்டினருக்கு அப்போது தீவிர மனநோய் இருந்தது. பத்து லட்சம் பெரியவர்கள் வாழும் ஒரு மாவட்டத்துக்கு அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் எட்டாயிரம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பேரளவுக்குச் சிகிச்சை எட்டவில்லை என்பதும் அதே கணக்கெடுப்பு சொன்னதுதான். தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். பின்கட்டு அறைக்குள் இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

இதுவரை சொன்னது இரண்டு விஷயம். சகதுணை பட்டறிவில் நிற்கிறது. அது நீண்ட நாள் படுத்தும் கடுமையான மனநோய்களுக்கானது. எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன்.

ஓபி வாசலில்

ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசல். ஏழரை மணிக்கே டோக்கன் வாங்கிவிட்டோம். டாக்டர் வர ஒன்பதரை ஆகும். தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் சரியாகப் பேசி இரண்டு மாதம் இருக்கும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுருட்டுவதுபோல ஓயாமல் உருண்டுகொண்டிருந்தன.

பெஞ்சின் அந்த முனையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். தக்காளி மண்டியில் சுமை தூக்குகிறவர். கேன் டீக்காரர் வந்ததும் எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார். எனக்கு முழு டம்ளர் வந்தது. தம்பியைக் காட்டி, "இவருக்கு அரை டம்ளர் மட்டும் ஊற்றுங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பைத்தியத்துக்கு இது போதும் என்கிறாரோ என்று நினைத்துவிட்டேன்.

அவர் தம்பியிடம்தான் பேசினார். "முழு டம்ளர் என்றால் கை ஆட்டத்தில் சட்டையில் கொட்டிவிடும், தம்பி. நாலு பேர் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து டீயே வேண்டாம் என்று நான் எத்தனை நாள் இருந்திருக்கிறேன். டாக்டரிடம் சொன்னேன், மருந்தில் ஏதோ மாற்றிக் கொடுத்தார், நின்றுவிட்டது." தன் கையை நீட்டிக் காட்டினார். ஆடவில்லை.

தம்பி இரண்டு மாதமாக வீட்டில் டீ குடிக்கவில்லை. எனக்கு அது வெறும் வெறுப்பாகத் தெரிந்தது. யாரோ டீயில் எதையோ கலந்து கொடுத்துவிட்டதாக அம்மா நம்பினாள், பூசாரியிடமும் போய் வந்திருந்தாள். சட்டையில் கொட்டும் என்ற பயம் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அரை டம்ளரைக் குடித்து முடித்தபின் அவன் கேட்டான்: "அண்ணா, உங்களுக்கும் கேட்குமா?"

"இப்போதும் கேட்கும். சத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் ரொம்பத் தொந்தரவு செய்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, 'அப்புறம் பேசுகிறேன், வை' என்று சொல்லிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர் வீட்டுக்காரி என்று நினைத்துக்கொள்வார்."

தம்பி சிரித்தான். அன்று உள்ளே போனதும் டாக்டர் கேட்பதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டினான்.

அந்தக் காலையில் நடந்தது தற்செயல். அந்த மனிதர் வேறு தேதியில் வந்திருந்தால் நடந்திருக்காது. அப்படியொரு சந்திப்பைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல், பழக்கிய ஆளை வைத்து, குறித்த நாளில், குறித்த இடத்தில் நடக்கும்படி ஏற்பாடு செய்தால் அதுவே சகதுணை. அப்படித் துணை நிற்பவரைச் சகதுணையாளர் என்போம்.

உள்ளே நடப்பது என்ன

அந்தப் பத்து நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தால் முதலில் தெரிவது, தம்பிக்குத் தன் மேலேயே இருந்த அருவருப்பு கொஞ்சம் தளர்ந்தது. ஊர் சொல்லும் இழிசொற்களை நோயாளியே நம்பி, 'நான் இனி எதற்கும் ஆகாதவன்' என்று முடிவு கட்டிக்கொள்வதைத் தன்களங்கம் என்கிறார்கள். வேலை, கல்யாணம், நட்பு எதற்கும் முயலாமலே ஒருவரை முடக்குவதில் குரல்களைவிடவும் இது பொல்லாதது என்பது என் எண்ணம். 'உன்னாலும் முடியும்' என்று நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு அந்த நோய் இல்லை என்பதால் அந்தச் சொல்லுக்கு எடையும் இல்லை. குரல் கேட்டுக்கொண்டே மண்டியில் சுமை தூக்கிக் கூலி வாங்குகிற ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தபோது யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது, அரை டம்ளர் போன்ற சின்ன உத்திகள். மருத்துவப் புத்தகத்தில் நடுக்கத்துக்கு மருந்து இருக்கும்; நடுக்கத்தோடு டீக்கடையில் நிற்பது எப்படி என்பது இருக்காது. இராத்திரி மாத்திரையின் மந்தத்தால் விடியலில் எழ முடியாதவனை வீடு சோம்பேறி என்கிறது. 'எனக்கும் இப்படித்தான் இருந்தது, மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன்' என்று ஒருவர் சொன்னால், கேட்கலாம் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. முன்னறிகுறி என்பதும் இதே வகை. நோய் மறுபடி தலைதூக்குவதற்குச் சில நாள் முன்பு ஒவ்வொருவருக்கும் சின்னச் சின்ன மாற்றங்கள் வரும். ஒருவருக்குத் தூக்கம் குறையும், இன்னொருவருக்குக் காசு கையில் நிற்காது. என் தம்பி ஜன்னலை மூட ஆரம்பிப்பான். தன் முன்னறிகுறியைக் கண்டுபிடித்த அனுபவமுள்ளவர் அடுத்தவருக்கும் தேடக் கற்றுக்கொடுக்கிறார்.

ஓபியில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் எதைச் சொல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வதும் சகதுணையில் ஒரு பகுதி.

உதவி ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை. பிறருக்கு உதவுவதால் உதவுபவரே தேறுகிறார் என்பதை ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965லேயே எழுதினார். தன் வாழ்க்கையின் மிக மோசமான வருடங்கள் இன்னொருவருக்குப் பயன்படுகின்றன என்று தெரியும்போது அந்த வருடங்களின் கசப்பு மாறுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், கண்முன் நிற்கும் சான்று, கைப்பழக்கமான உத்திகள், டாக்டரிடம் பேசும் தெம்பு, இரு பக்கமும் ஓடும் உதவி. இவை கூடும்போது வருவதை மீட்சி என்கிறார்கள். நோய் முற்றாக நீங்கினால்தான் மீட்சி என்றில்லை. அறிகுறிகள் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் தனக்கென்று ஒரு வாழ்க்கையை நடத்துவது மீட்சியே.

தலைவலி தனக்கு வந்தால் போதுமா

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிவது வேறு, துணை நிற்பது வேறு. நோயை அனுபவித்த எல்லோரும் நல்ல சகதுணையாளர் ஆகிவிடுவதில்லை. 'உன்னுடையது என்ன பெரிது, நான் பட்டதைக் கேள்' என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் தன் கதையையே சொல்லும் ஆட்களை நானும் சந்தித்திருக்கிறேன்.

அதனால் பயிற்சி வேண்டியிருக்கிறது. தன் கதையில் எந்தத் துண்டை, எப்போது, எவ்வளவு சொல்வது என்பது முதல் பாடம். அந்த மண்டிக்காரர் மூன்று நிமிடத்துக்கு மேல் தன்னைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த பாடம், மருந்தின் அளவைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது. 'நான் நிறுத்திவிட்டேன், நீயும் நிறுத்து' என்பவர் துணையல்ல, ஆபத்து. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாது. திடீரென்று நிறுத்தினால் நோய் முழு வேகத்தில் திரும்பலாம். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையோ பிறரைத் தாக்கும் எண்ணத்தையோ ஒருவர் சொன்னால் அதைத் தனக்குள் பூட்டி வைக்காமல் உடனே மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த விலக்கை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுவது நாணயம்.

சகதுணையாளருக்கே நோய் திரும்பினால்? மற்ற ஊழியர் காய்ச்சலுக்கு விடுப்பு எடுப்பதுபோல இவரும் எடுக்க வேண்டியதுதான். ஆனால் அவரைத் தாங்க ஓர் ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். கூலியும் கொடுக்க வேண்டும். இதைச் 'சேவை' என்று சொல்லி வருடக்கணக்கில் ஓசியில் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. நோயால் ஏற்கெனவே வருமானம் இழந்தவரிடம் போய்ச் சேவை கேட்பது என்ன நியாயம்?

பாரிஸிலிருந்து அகமதாபாத் வரை

யோசனை பழையது. 1790களில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகள் பிரிவைக் கவனித்த ழான்-பாப்திஸ்த் புஸ்ஸான், தேறிய நோயாளிகளையே ஊழியர்களாக வைத்துக்கொண்டார். அவர்கள் அடிக்கமாட்டார்கள், மனிதத்தன்மையோடு நடந்துகொள்வார்கள் என்பது காரணம். அங்கே 1797இல் நோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவரும் அவர்தான். நெதர்லாந்தில் மனநல மருத்துவர் மாரியுஸ் ரோம், குரல் கேட்கும் தன் நோயாளி பாட்ஸி ஹாகோடு 1987இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தொடர்புகொள்ளலாம் என்று அழைத்தார். நூற்றுக்கணக்கானோர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் குரல்களோடு சமாளித்து வாழப் பழகியவர்களும் இருந்தார்கள் என்பதுதான் மருத்துவருக்கே வியப்பு. குரல் கேட்போர் குழுக்கள் அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவின. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1999இல் அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்தே சகதுணைக்குப் பணம் தர ஆரம்பித்தது.

பணக்கார நாடுகளுக்கு மட்டும் உரிய சரக்கு என்று தள்ளிவிட வேண்டாம். உகாண்டாவின் கம்பாலா, தான்சானியாவின் தார் எஸ் சலாம், நம் நாட்டில் அகமதாபாத்தின் அரசு மனநல மருத்துவமனை ஆகிய இடங்களிலும், ஜெர்மனியிலும் இஸ்ரேலிலும், ஒரே ஆய்வுத் திட்டமாக இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

எதை எதிர்பார்க்கலாம்

பந்தியில் பேசிய பெரியப்பாவுக்கு உரிய பதில் இங்கேதான் வருகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சகதுணையால் நம்பிக்கையும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுகின்றன. கூடும் அளவு மிதமானது. குரல்களை நிறுத்துவதிலோ மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பதிலோ அதே அளவுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. அந்த வேலை மருந்துக்கும் மருத்துவருக்கும் உரியது. மருந்து அறிகுறிகளை அடக்கித் தரும் இடைவெளியில் எப்படி வாழ்வது என்பது சகதுணையின் பாடம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

கவுன்சிலிங்கும் இது ஆகாது. கவுன்சிலர் தன் வாழ்க்கையைப் பெரும்பாலும் மேசைக்கு அந்தப் பக்கமே வைத்துக்கொள்வார். இங்கே மேசையே இல்லை. குடும்பத்தின் அன்பும் வேறு வகை. அதில் பயமும் களைப்பும் கலந்திருக்கும். என் அன்பிலும் கலந்திருந்தது.

நம் இரண்டு மாவட்டங்களில்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சகதுணை வேரூன்ற வேண்டுமானால் சில விஷயங்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும். முதலில் தூரம். அஞ்செட்டி மலைக் கிராமத்திலிருந்தோ அரூருக்கு அப்பாலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவரிடம் வாரா வாரம் கூட்டத்துக்கு வா என்றால் நடக்காது. எப்படியும் மாதம் ஒரு முறை மருந்துக்கு வருகிறார்; டோக்கனுக்கும் டாக்டருக்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரம் சும்மாதான் போகிறது. அந்த நேரம் போதும்.

மொழியையும் பார்க்க வேண்டும். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுப் பேச்சு தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். காதில் கேட்கும் குரல் தெலுங்கில் திட்ட, அதைத் தமிழில் விவரிக்கச் சொன்னால் பாதி விட்டுப்போகும். பெங்களூரில் ஓசூர்ச் சாலையிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு நம் ஆட்கள் பஸ் ஏறிப் போவதற்குப் பெயர் மட்டும் காரணமில்லை; அங்கே தெரிந்த முகம் எதிர்ப்படாது என்ற நிம்மதியும் உண்டு. இங்கே ஒருவருக்கு மனநோய் என்று தெரிந்தால் தங்கையின் கல்யாணப் பேச்சு வரை போய் நிற்கும். எனவே பாலக்கோட்டுக்காரருக்கு ஊத்தங்கரைக்காரர் துணையாக இருப்பது, பக்கத்துத் தெருக்காரர் இருப்பதைவிட நல்லது.

பெண்களுக்குப் பெண்களே துணை வர வேண்டும். நோய் வந்ததும் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிள்ளையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் பெண் அதை ஆணிடம் எப்படிச் சொல்வாள்?

கோவிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களைக் கேலி செய்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. 'நானும் போனேன், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன்' என்று சொல்லத் தெரிந்தவர் போதும். சங்கிலியை மட்டும் எந்த நம்பிக்கையின் பெயராலும் ஏற்க முடியாது. ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. மாநில மனநல ஆணையத்தில் மனநோய் உள்ளவர்களின் பிரதிநிதிகளும் அவர்களைப் பராமரிப்போரின் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பட்டறிவுக்குச் சட்டமே நாற்காலி போட்டிருக்கிறது.

இன்னொரு நடைமுறை உதவி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு வகை. அதற்கான சான்று வாங்க எந்தக் கவுண்டர், என்னென்ன காகிதம், எத்தனை நடை என்பதை ஏற்கெனவே அலைந்தவர் கூட வந்தால் அலைச்சல் பாதியாகும்.

வீட்டில் யாருக்காவது நிலைமை மோசமாகி, எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. இந்த இடத்தில் சகதுணைக்காகக் காத்திருக்கக் கூடாது.

தம்பிக்கு இப்போது கை ஆடுவதில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகிறான். நீயும் ஓபி நாளில் புதிதாக வருகிற பையன்களோடு பேசலாமே என்று போன வாரம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "எனக்கு என்னைப் பார்த்துக்கொள்ளவே சரியாக இருக்கிறது, அக்கா. மாங்காய் சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்றான். சரி என்றேன்.